வெள்ளைக் குஞ்சுக்குப் பெயர் சூட்டும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். மூன்று பட்ஜி (வளர்ப்புச் சிறுகிளி) குஞ்சுகளின் படங்களும் வந்து சேர்ந்தன. வெள்ளைக் குஞ்சு அல்பினோ (நிறமியே இல்லாத வெள்ளை), மஞ்சள் முகம் கொண்ட நீலக் குஞ்சு ஸ்கை ப்ளூ (வான்நீலம்), சாம்பல் குஞ்சு மாவ் (ஊதா கலந்த சாம்பல்) என்று விற்றவர் சொன்னதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சந்தேகத்துக்குரியவை என்பது என் எண்ணம். ஆனால் விளக்கொளியில் எடுத்த படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதைவிட, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

முதலில், கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் நீல இறகு ஒன்றை எடுத்துச் சன்னலோரம் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் இறகின் மேல் விழும்போது நீலமாகத் தெரிவது, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊடுருவிப் பார்த்தால் மங்கிய சாம்பலாகிவிடும். இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது; இறகின் நுண்ணமைப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் கருநிறமியும் சேர்ந்தே நீலத்தைக் காட்டுகின்றன. அதன்மேல் மஞ்சள் நிறமி படிந்தால் பச்சை. காட்டுப் பறவையின் நிறம் அதுதான். மஞ்சள் போனால் நீலம், கருமை போனால் மஞ்சள், இரண்டும் போனால் வெள்ளை. நாம் சூட்டும் பெயர்களில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் எது, எவ்வளவு, எந்த இடத்தில் குறைந்திருக்கிறது என்பதைச் சொல்பவைதான்.

இனி உங்கள் வெள்ளைக் குஞ்சுக்கு வருகிறேன். உடல் வெள்ளையாக இருப்பதால் மட்டும் ஒரு பறவை அல்பினோ ஆகிவிடாது. கண் சிவப்பாக இருக்க வேண்டும், அந்தச் சிவப்பு ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டும், கால்களும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நிழலில் சிவப்புக் கண்ணும் கறுப்பாகத் தெரியும் என்பதால், ஃப்ளாஷ் போடாமல், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பாருங்கள். கண் கறுப்பாகவே இருந்தால் அது இரட்டைக் காரணி ஸ்பேங்கிளாகவோ (ஸ்பேங்கிள் என்ற நிறமாற்றத்தின் மரபுக்கூறு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த பறவை), ரெசசிவ் பைடு, கிளியர்ஃப்ளைட் என்ற இரண்டு திட்டுநிற வகைகளும் சேர்ந்த டார்க் ஐட் கிளியராகவோ (கருங்கண் கொண்ட, வரிகளற்ற பறவை) இருக்கலாம். முன்னது வளர்ந்ததும் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும், பின்னதற்குத் தோன்றாது. அந்த வளையம் வரச் சில மாதங்கள் ஆகும் என்பதால், இன்றைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. சிவப்புக் கண்ணோடு சிறகில் வெளிறிய பழுப்புக் கோடுகளும் தெரிந்தால் அது லேஸ்விங். கறுப்பைப் பழுப்பாக்கும் சின்னமனும், கருநிறமியை நீக்கிக் கண்ணைச் சிவப்பாக்கும் இனோவும் (அல்பினோ இதில் ஒரு வகை) ஒரே பறவையில் கூடியது.

சாம்பல் குஞ்சு விஷயத்தில் விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். மாவ், கிரே (வெறும் சாம்பல்) இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அரிது. உடலைப் பார்க்காதீர்கள், கன்னப் புள்ளியைப் பாருங்கள். மாவ் பறவைக்கு அது நல்ல ஊதாவாக இருக்கும், நீண்ட வால் இறகுகள் கருநீலமாக இருக்கும். கிரேக்குக் கன்னம் சாம்பல் படிந்திருக்கும், வால் கறுப்பாகவே இருக்கும். உங்கள் படத்தில் வால் கறுப்பாகத்தான் தெரிகிறது.

மஞ்சள் முக நீலக் குஞ்சை வெறும் ஸ்கை ப்ளூ என்பது பாதிப் பெயர்தான், அது எல்லோஃபேஸ். இதே வகைக் குஞ்சு ஒன்றை நான் ஒருமுறை ‘நிறம் மாறாது’ என்று உறுதிகூறி நண்பரிடம் கொடுத்தேன். முதல் இறகுதிர்ப்பு முடிவதற்குள் மஞ்சள் மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கி, பறவை கடற்பச்சையாகி, பறவையை மாற்றிவிட்டேனோ என்று அவர் பாதி விளையாட்டாகவும் பாதி சந்தேகமாகவும் கேட்கும் நிலை வந்தது. இரண்டாம் வகை எல்லோஃபேஸ் அப்படித்தான் செய்யும். அன்றிலிருந்து, நெற்றி வரிகள் மூக்குவரை இறங்கியிருக்கும் பருவத்தில் நான் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. சுமார் மூன்று, நான்கு மாதத்தில் அந்த வரிகள் பின்வாங்கி நெற்றி வெளுக்கும்போதுதான், குஞ்சின் மங்கல் நிறம் போய் உண்மை நிறம் வரும்.

நிறம் மாறினாலும் சிறகின் வடிவமைப்பு இப்போதே பொய் சொல்லாது. சாதாரணப் பறவையின் சிறகிறகு நடுவில் கறுத்து, விளிம்பில் வெளுத்திருக்கும். ஒற்றைக் காரணி ஸ்பேங்கிளில் (மரபுக்கூறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது) இது தலைகீழாகி, விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கோடு ஓடும். ஓபலைன் என்ற வகையில் பின்கழுத்து வரிகள் மங்கி, தோள்களுக்கு நடுவே உடல் நிறம் தெளிவாகத் தெரியும். சின்னமனில் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பு. முட்டையிலிருந்து வந்த முதல் சில நாள்களில் சின்னமன் குஞ்சின் கண் நாவல்பழச் சிவப்பாக இருந்து பிறகு கறுத்துவிடும், எனவே உங்களிடம் வரும் வயதில் அந்த அடையாளம் கிடைக்காது.

முடிந்தால் தாய் தந்தையின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். இனோ, சின்னமன், ஓபலைன் மூன்றும் ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் வழியே வருபவை. பெற்றோர் இருவருக்கும் கண் கறுப்பாக இருந்து, இனோக் குஞ்சுக்கு மட்டும் சிவப்பாக இருந்தால், அந்தக் குஞ்சு பெண்தான். தந்தை அந்தப் பண்பை வெளிக்காட்டாமல் சுமந்திருக்கிறது. இனோவுக்கும் ரெசசிவ் பைடுக்கும் வளர்ந்த ஆணின் மூக்குத்தோல் (அலகுக்கு மேலுள்ள தோல்) மற்ற ஆண்களைப் போல நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நின்றுவிடுவதால், பாலறிய இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

உங்கள் குறிப்பேட்டில் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக் காலை வெளிச்சத்தில் வெள்ளைக் குஞ்சின் கண்ணையும் சாம்பல் குஞ்சின் கன்னத்தையும் அருகில் எடுத்து அனுப்புங்கள். எல்லோஃபேஸை மட்டும் நெற்றி வெளுத்த பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அண்ணன்