பழையாறு பற்றி நீ கேட்டது

மக்களே,

பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் பழையாறு பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். எட்டாம் வகுப்பில் இந்த ஆற்றின் படத்தை வரைந்து பரிசு வாங்கியவள் நீ. அந்த நோட்டை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது! வேலை அதிகமா? மாப்பிள்ளைக்கும் அப்படித்தானா? தீபாவளிக்குப் பிறகு அவர் குரலையே நாங்கள் கேட்கவில்லை.

பழையாறு சுருளோட்டு மலைப்பக்கம் தோன்றி, தாழக்குடி, சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடியில் அரபிக்கடலில் சேர்கிறது. மொத்தமே சுமார் 37 கிலோமீட்டர். சின்ன ஆறு என்று பேத்தி அலட்சியமாக எழுதிவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டுக்குச் சோறு போட்ட ஆறு. சொந்த மழை போதாமல், பறளியாற்றுத் தண்ணீரைப் பாண்டியன் கால் என்ற வாய்க்கால் வழியாக இதில் திருப்பினார்கள். 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீரும் நம் வயல்களுக்கு வந்தது. கேட்டு வாங்கியதால் இந்த ஆற்றுக்கு ஒரு குறைச்சலும் வரவில்லை. நீயும் எங்களிடம் எதையும் கேட்கத் தயங்காதே.

பெயர்க் கதையையும் எழுதச் சொல். இந்திரனுக்காக ஐராவதம் கொம்பால் கீறி இந்த ஆற்றைக் கொண்டுவந்தது என்பது சுசீந்திரம் தலபுராணம். கோடு என்றால் கொம்பு, அதனால் இந்த ஆற்றுக்குக் கோட்டாறு என்று பழைய பெயர். அந்தப் பெயர் இப்போது ஊருக்கு மட்டும்தான் நிற்கிறது.

போன வாரம் மணக்குடிக்குப் போயிருந்தேன். பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், மணல் மூடிக் கிடக்கிறது. மணல்மேட்டுக்கு உள்ளே காயல் கலங்கலாக, அசைவில்லாமல். பத்தடி தள்ளி அலை அடிக்கிறது. பையன்கள் மணலில் பந்து விளையாடுகிறார்கள். பெருமழை வந்தால் உடைத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் ஆள்விட்டு வெட்டிவிடுவார்கள். 2004 சுனாமியில் அடித்துப்போன பாலத்தைப் பற்றியும் பேத்தி எழுதட்டும்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்துவிட்டது. விளைச்சல் பரவாயில்லை. வேறு செய்தி இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போனில் உன் குரல் சரியில்லை என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மாப்பிள்ளையிடம் போனைக் கொடு. அவர் வீட்டில் இல்லையென்றால், இல்லை என்று சொல்; அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதானால் ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். ஸ்டேஷனில் நிற்பேன்.

அப்பா