தடுப்பூசி அறையில் போனைக் காட்டச் சொல்லாதீர்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை சின்ன மகளுக்கு ஒன்றரை வயது ஊசி போடப் போயிருந்தேன். வீறிட்டு அழுதாள். நர்ஸம்மா நல்ல மனதோடுதான் சொன்னார், "போனைக் கையில குடும்மா, அமைதியாயிரும்." எனக்கு வயிறு எரிந்தது. மூத்தவனுக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் அப்படியே போனைக் கொடுத்தேன்.

நானும் அவன் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறோம், வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகும். மாமியாருக்கு முட்டிவலி, போன் ஓடினால்தான் அவன் வாயில் சோறு இறங்கும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு இரண்டேகால் வயதானபோது விளம்பரப் பாட்டை ராகத்தோடு முனகினான், ஆனால் என்னைப் பார்த்து ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். காதைப் பரிசோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. போனைப் பிடுங்கினால் தலையைத் தரையில் முட்டுவான். இப்போது வாரம் ஒருநாள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். பேச்சு தாமதமாக வேறு காரணங்களும் உண்டு என்று அங்கே சொன்னார்கள், சரி. அப்புறம், வீட்டில் அவனோடு எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் எதிரில் இருக்கிற முகம் திருப்பிப் பேச வேண்டும், அப்படித்தான் பேச்சு வரும். போன் அதைச் செய்யாது.

இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை வேண்டாம் என்கிறது. உங்களுக்குத் தெரியாததா? ஒன்றரை மாதம், இரண்டரை, மூன்றரை, ஒன்பதாம் மாதம் என்று தவறாமல் வந்தோமே, ஒருவர்கூட எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லையே!

கம்பெனி விடும் நேரம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஓர் இடம் கிடையாது, அங்கன்வாடி டீச்சருக்கோ போனில் பதிவேற்றவே பாதி நாள் போகிறது. அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊசி போடும் இடத்தில் போனைக் காட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்கும், இரண்டு வயது வரை போன் வேண்டாம், குழந்தையோடு பேசுங்கள் என்று அம்மாவிடமும், கூட வரும் பாட்டியிடமும் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றரை வயது ஊசியன்று, பெயர் சொன்னால் திரும்புகிறதா, எத்தனை வார்த்தை பேசுகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். தயவுசெய்து அடுத்த புதன்கிழமையிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா