மூக்கைத் தூக்குவதா, வாலை இறக்குவதா?

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. மிளகு இந்த ஆண்டு சுமார்தான். மகள் சேலத்தில் விடுதியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சண்டை போட ஆளில்லை.

நீ பழைய இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கியிருக்கிறாய் என்றதும் மற்றதெல்லாம் அப்புறம் என்று ஆகிவிட்டது. முந்தைய சொந்தக்காரர் முன்னும் பின்னும் உயர்த்திவிட்டார், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன்பக்கத்தையும் இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சமமாக்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். பின்பக்கத்தை இறக்கு. என் வண்டியும் இதே கோலத்தில்தான் என்னிடம் வந்தது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

பிக்கப் என்றால் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வரும்போதே வால் சற்று உயரமாகத்தான் இருக்கும். சுமை ஏறினால் பின்னால் உள்ள பட்டை (அடுக்கடுக்கான இரும்புத் தகடு ஸ்பிரிங்) அமுங்கி வண்டி மட்டமாக நிற்கட்டும் என்பது கணக்கு. வெறும் வண்டியை அழகுக்காக மட்டமாக்கிவிட்டுக் காபி மூட்டைகளை ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங் கனமில்லாமல் மிதக்கும். எதிரே வருகிறவன் கண்ணில் உன் விளக்கு அடிக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் இன்னும் மோசம், மேலே போகிற வெளிச்சம் உன் முகத்துக்கே வெள்ளையாகத் திரும்பி வரும்.

ஆகவே முதலில் அளந்து பார். சக்கரத்தின் மேல் வளைவை வைத்துக் கண்ணால் முடிவு செய்யாதே. முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை அல்ல. சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தின் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வை. வெறும் வண்டியில் ஒருமுறை, நீ வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஒருமுறை. இரண்டாவது அளவுதான் முக்கியம். எனக்குச் சுமையோடும் வால் உயரமாகவே இருந்தது. இறக்க வேண்டியது பின்பக்கம்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முன்பக்கத்தை ஏன் இன்னும் ஏற்ற வேண்டாம் என்கிறேன் தெரியுமா? இந்த வண்டியில் முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரண்டு கைகள்), சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் அடிமுனை சக்கரத்துக்குச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் தலையில் 1 அங்குல ஸ்பேசர், அதாவது இடைக்கட்டை, வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் ஏறும். ஏற்கெனவே ஏறிய வண்டியில் இன்னும் ஏற்றினால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமே மிஞ்சாது, பள்ளத்தில் விழுந்தால் டங்கென்று தட்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்ஸிலின் சாய்வு கூடிப்போய், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கேம்பர், காஸ்டர் என்ற சக்கரச் சாய்வு அளவுகளெல்லாம் நகர்ந்துபோய் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பின்பக்கம் அப்படியல்ல. அடியில் குனிந்து பார்: பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை இருக்கிறதா, கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருக்கிறார்களா, ஷேக்கிளை (பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு இணைப்பை) நீளமாக்கியிருக்கிறார்களா? நீளமான ஷேக்கிள் என்றால் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாக வரும். என் வண்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டைகள்! அதைக் கண்டதும் சேலத்தில் லாரிப் பட்டை வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "இதோடு மலை இறங்கினீர்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுப் பேசவில்லை. கட்டை உயர உயர, கிளட்ச் விட்டதும் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், பட்டை நெளியும். ஏற்றத்தில் முதல் கியரில் கிளம்பும்போது அடியில் வரும் அதிர்வு பெரும்பாலும் இதனால்தான்.

அந்தப் பெரியவரே இரண்டையும் கழற்றிவிட்டு, சரிவாகச் செதுக்கிய குட்டையான ஒற்றைக் கட்டையைப் போட்டார். அந்தச் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் தேவை. மாறிப்போனால் எஞ்சின் பக்கமிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டுவிடும். பட்டையையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட விடாதே. அது இழுபட்டது, கட்டை குட்டையானதால் மரையும் போதாது. அளவெடுத்துப் புதிதாகப் போடச் சொல். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை அதன் குழியில் உட்கார்ந்த பிறகே முறுக்க வேண்டும். பட்டை முனைகளின் ரப்பர் புஷ்களில் போகும் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு இறுதி முறுக்கு. ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் யு போல்ட்டை மறுபடி முறுக்கு. இதை மட்டும் தள்ளிப்போடாதே.

பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சிறு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். வால் உயர்ந்திருந்தால் சுமையே இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உன் வண்டியில் அது இருந்தால் உயரம் மாறியதும் சரிசெய்யச் சொல். கடைசியில் வீல் அலைன்மெண்ட், பிறகு முகப்பு விளக்கு. சட்டப்படி பார்த்தால் இப்படி மாற்றுவதே சிக்கல்தான்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வண்டி கம்பெனி அளவை விட்டு விலகக் கூடாது என்கின்றன. நாம் அதை நெருங்கி வருகிறோம், விலகிப் போகவில்லை. காப்பீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

இப்போது என் வண்டி வெறுமையில் வால் சற்றே உயரம், மூட்டை ஏறினால் மட்டம். அம்மா குணமானதும் மலைக்கு அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். உன் வண்டி நிற்கும் உயரத்துக்கு அவர்களால் உள்ளே ஏற முடியாது. முன்பக்கத்தையும் பழைய அளவுக்கு இறக்க முடியுமா என்று கேட்டுவிடு, முடியாவிட்டால் பக்கப்படி ஒன்று போட்டுவிடு. எதையும் வாங்கும் முன் இரண்டு அளவுகளையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்