தெற்காசியா என்ற கட்டத்தையும் ஒருக்கா நிரப்புங்கள்

கேம் வெளியிடும் கம்பனிகளில் விலை போடும் மேசையில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் கணக்கு எழுதுகிற வேலை, இரவு ஒன்பதுக்குப் பிறகு கேம். உங்களில் யார் இதை வாசிப்பீர்கள் என்று தெரியாது, ஆனாலும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் தானாக ஒரு பதில் வரும் என்பது தெரியும், அதனால்தான் எங்கள் நாட்டுக்கு நீங்கள் போடுகிற கேம் விலையைப் பற்றி எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் இங்கே ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மே நடுப்பகுதியில் 360. இடையில் நடந்ததை உலகமே டீவியில் பார்த்தது: பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. அப்போது என் விருப்பப் பட்டியலில் ஒரு கேம் இருந்தது, 59.99 டொலர். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி 12,000 ரூபா சேர்த்துவிட்டேன். கரண்ட் வந்த ஒரு நாள் இரவு கணினியைப் போட்டுப் பார்த்தால் அதே 59.99. நீங்கள் ஒரு சதம்கூட ஏற்றவில்லை, உண்மைதான். என் பக்கத்தில் அது 21,000 ரூபாவைத் தாண்டியிருந்தது, அதற்குமேல் வங்கி தன் வீதத்தையும் கட்டணத்தையும் வேறு போடும். மேசையில் கல்குலேட்டர், பக்கத்தில் மெழுகுதிரி, இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன், விடை மாறவில்லை.

அந்தக் கிழமைதான் திருச்சியில் இருக்கிற மச்சானோடு வாட்ஸப்பில் கதைத்தேன். போர்க்காலத்தில் அங்கே போன குடும்பம், பிறகு திரும்பி வரவில்லை. அவன் அதே கேமை 2,999 இந்திய ரூபாவுக்கு வாங்கி, பாதி விளையாடியும் முடித்துவிட்டான். அன்றைய கணக்கில் அது 40 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் 20 டொலர் ஏறுகிறது! இந்தப் பொருள் கப்பலில் வரவில்லை, கொழும்புத் துறைமுகத்தில் கிடக்கவில்லை, இங்கே யாரும் பெட்டி கட்டி இறாக்கையில் அடுக்கவில்லை. இரண்டு பேரும் தரவிறக்கியது ஒரே கோப்பு. அவனுக்குக் குறைத்துக் கொடுத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. (சரி, கொஞ்சம் இருந்தது.)

நாங்கள் கேம் வாங்குகிற இணையக் கடையான ஸ்டீமில் இந்தியாவுக்கு 2015 நவம்பரிலிருந்து சொந்த ரூபாவிலேயே விலை உண்டு. ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எடுங்கள், அமெரிக்காவில் 15 டொலர், இந்தியாவில் 480 ரூபா, அதாவது ஆறு டொலருக்கும் குறைவு. ஒரு தனி மனிதன் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்த கேம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிற கம்பனிகளுக்கு இது முடியாத காரியமாக இருக்க வழியில்லை.

எங்கள் நாட்டு ரூபாவில் ஸ்டீமில் விலை கிடையாது. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் எல்லாரோடும் சேர்த்து எங்களைத் 'தெற்காசியா – டொலர்' என்ற ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிற ஆட்கள் இதைக் கேட்டதும் "ஓ, டொலரா, அதுதான் பிரச்சினை" என்பார்கள். இல்லை. டொலரில் கேட்பதில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, எங்கள் ரூபா ஆடுகிற ஆட்டத்துக்கு நீங்கள் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் விலை நிரப்புகிற படிவத்தில் அந்தப் பிரிவுக்கு என்று ஒரு தனிக் கட்டம் இருக்கிறது, அதில் அமெரிக்க விலையைத்தான் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 60-க்குப் பதில் 30 என்று போடலாம். ஸ்டீமின் சொந்தக்காரரான வால்வ் 2022 ஒக்டோபரில் தன் பரிந்துரை விலைகளைத் திருத்தியபோது, நாணய மாற்று வீதத்தோடு நிற்காமல் மக்களின் வாங்கும் சக்தியையும் நுகர்வோர் விலைகளையும் பார்த்ததாகச் சொன்னது. அது பரிந்துரை மட்டும்தான், கடைசியில் விலை போடுவது நீங்கள். இந்தியாவுக்கு யோசித்து ஒரு விலை போடுகிற உங்களில் பலர், பக்கத்துக் கட்டத்துக்கு வரும்போது 59.99, 69.99 என்று அப்படியே இழுத்துவிட்டுப் போகிறீர்கள். வெறுப்பில் செய்வதாக நான் நினைக்கவில்லை, எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் 30,000 ரூபா ஆனது. பெரிய கேம் ஒன்றுக்கு நீங்கள் 2020-க்குப் பிறகு பழக்கிவிட்ட 70 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000. அமெரிக்காவில் மணிக்கு 7.25 டொலர் என்ற ஆகக் குறைந்த கூட்டாட்சிக் கூலிக்கு உழைக்கிறவர்கூடப் பத்து மணித்தியாலத்தில் அந்தக் காசைத் தேடிவிடுவார். இங்கே ஒருவர் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், வாடகை கொடுக்காமல் மூன்று கிழமை அளவு உழைக்கவேண்டும். கேம் அத்தியாவசியம் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைத்தான். அம்மாவும் அதையேதான் சொல்கிறா. ஆனால் நீங்கள் அதை விற்க வந்தவர்கள், அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கக்கூடாது.

"விலையைக் குறைத்தால் வெளிநாட்டுக்காரர் விபிஎன் (இருக்கிற நாட்டை மறைத்து வேறு நாடு போலக் காட்டுகிற மென்பொருள்) போட்டு வந்து வாங்கிவிடுவார்கள்" என்பது உங்கள் பக்கத்து வாதம். நடந்த கதைதான், மறுக்கவில்லை. ஆர்ஜென்டீனாவிலும் துருக்கியிலும் சொந்த நாணயம் சரியச் சரிய, உலகமெல்லாம் இருந்து ஆட்கள் தங்கள் கணக்கை அங்கே மாற்றி மலிவாக அள்ளினார்கள். 2023 நவம்பர் 20-ஆம் திகதி இரண்டு நாடுகளையும் ஸ்டீம் டொலருக்கு மாற்றிவிட்டது. அடி வாங்கியது யார்? விபிஎன்காரர் வேறு நாடு தேடிப் போய்விட்டார், புவனஸ் அயர்சிலும் இஸ்தான்புல்லிலும் உண்மையிலேயே வாழ்கிற பெடியங்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்த வழியை அடைக்க ஸ்டீமில் ஏற்கனவே பூட்டு இருக்கிறதே: நாட்டை மாற்றினால் மூன்று மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது, அந்த நாட்டு அட்டையால் காசு கட்டவேண்டும், விலை வித்தியாசம் அதிகமென்றால் பரிசாக அனுப்பவும் விடாது. (இந்தக் கடைசி விதியால்தான் மச்சான் எனக்கு வாங்கி அனுப்ப முடியாது, ஆனாலும் அது இருப்பது சரி.) டொலரிலேயே விலை இருப்பதால் நாளைக்கு எங்கள் ரூபா விழுந்தாலும் உங்களுக்கு வருகிற தொகை குறையாது. ஆர்ஜென்டீனாவை ஆட்டியது அந்தப் பிரச்சினை, எங்கள் பிரிவில் அது இல்லவே இல்லை.

அப்புறம் திருட்டுப் பிரதி. நேராகச் சொல்லிவிடுகிறேன், நான் வளர்ந்ததே அதில்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால், கொப்பியில் எழுதி வைத்திருக்கிற பட்டியலைக் காட்டுவார்கள், விரலை வைத்து "இது, இது, இது" என்றால் பின்னேரம் ஏற்றித் தருவார்கள். நூறோ நூற்றைம்பதோ. சில கேமில் கடைசிக் கட்டம் திறக்காது, சிலதில் வைரஸ் இலவசம். திருட்டுப் பிரதி என்பது விலைப் பிரச்சினையைவிடச் சேவைப் பிரச்சினை என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011 அளவில் சொன்னதைப் பலர் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். பாதி சரி. முதல்முதலில் காசு கட்டி ஒரு கேம் வாங்கி, அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு, சேமித்த இடத்திலிருந்து இன்னொரு கணினியில் தொடர்ந்தபோது எனக்கும் அது புரிந்தது. அதன்பிறகு நான் அந்தக் கடைக்குப் போனதில்லை. ஆனால் அது 80 வீதம் தள்ளுபடியில் வாங்கியது. முழு விலையென்றால் இன்றைக்கும் அந்தக் கடை வாசலில்தான் நின்றிருப்பேன்.

ஐரோப்பாவில் இப்படி நாட்டுக்கு நாடு கதவு சாத்தியதற்கு 2021 ஜனவரியில் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 இலட்சம் யூரோ தண்டம் விழுந்தது. போலந்து, ருமேனியா போன்ற நாடுகளுக்கென விற்ற சாவிகளை, அதாவது கேமைத் திறக்கிற குறியீடுகளை, வேறு இடத்தில் திறக்கவிடாமல் செய்தது குற்றம் என்றார்கள். அது வேறு வகைச் சிக்கல், அவர்களுக்கு ஒரே சந்தை, அதற்கு ஓர் ஆணையம். எங்களுக்காக வழக்குப் போட ஆளில்லை, மடல் எழுதத்தான் முடியும்.

விலை போடும்போது விற்பனைக்குக் கதவையும் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பிரயோசனம் இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை ஸ்டீமில் வாங்கி விளையாடவும் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று அதை வெளியிட்ட சோனிக்காரர் அறிவித்தார்கள். அந்தக் கணக்கைத் திறக்கவே முடியாத நாடுகள் அப்போது 170-க்கு மேல், இலங்கையும் அதில் ஒன்றாக இருந்தது. சில நாளில் கட்டாயத்தைக் கைவிட்டார்கள், ஆனால் விற்பனைப் பட்டியலில் இருந்து தூக்கிய நாடுகளை உடனே திரும்பச் சேர்க்கவில்லை. அந்த நாட்களில் அங்கே நான் விலையைக் குறை சொல்லவும் வழியிருக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த கேமுக்கு விலை போடும் நாளில், இந்தியாவுக்கு என்ன எண் போட்டீர்களோ அதை டொலராக்கி, பக்கத்தில் இருக்கிற எங்கள் கட்டத்தில் எழுதிவிடுங்கள். அதைவிடக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது. பழைய கேம்களையும் ஒரு பின்னேரம் இருந்து பார்த்தால் முடிந்துவிடும். அந்த 2022-ஆம் ஆண்டுக் கேம் இன்னும் என் விருப்பப் பட்டியலில் இருக்கிறது, இன்னும் 59.99. மச்சான் அதன் இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவிட்டான், கதையைச் சொல்லிவிடாதே என்று ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாடிக்கையாளன்