ஜுரத்திலும் சிரித்தவளுக்கு

பாப்பா,

இணையத்தில் நான் போட்டிருந்த உன் படங்கள் எல்லாவற்றையும் நேற்று ராத்திரியோடு அழித்து முடித்தேன். 1,146 படங்கள், 38 வீடியோக்கள். உனக்கு 18 பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். நமக்குள் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

அழித்ததை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்பாய். உன்னை ஊர் பார்க்கத்தானே காட்டினேன்? 'குட்டி எப்படி இருக்கிறாள்' என்று இன்னமும் விசாரிக்கிறவர்களுக்கு ஒரு பதில் வேண்டும்.

பெரும்பாலான படங்களைப் பார்க்கக்கூட இல்லை, தட்டித் தட்டி நீக்கினேன். ஒன்றில் மட்டும் கை நின்றுவிட்டது. உனக்கு ஐந்து வயது, ஜுரம் 103. நெற்றியில் போட்ட ஈரத்துணி ஒரு கண்ணின் மேல் சரிந்து கிடக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. தூங்குகிறாய் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாய். உடனே துணியை ஒதுக்கிவிட்டுச் சிரித்தாய். பல் தெரிய, தலையை இடப்பக்கம் சாய்த்து, நான் பழக்கியிருந்த மாதிரியே. எடுத்து முடித்ததும் "போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் அதன் கீழே 'ஜுரத்திலும் சிரிக்கும் என் தங்கம்' என்று எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் லைக்.

என்னை மன்னித்துவிடு.

ஆனால் அன்று விடிய விடிய என்னோடு விழித்திருந்தது யார்? அந்தப் படத்தின் கீழே எழுதியவர்கள்தான். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் துணியை நனை என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அரை மணிக்கு ஒரு தரம் 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் ஏன் வேறு யாரும் இல்லை என்பதை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். தெரிந்துமா 'ஏன் என்னை ஊருக்குக் காட்டினாய்' என்று கேட்டாய்?

நீ அனுப்பிய மூன்று லிங்க்குகளையும் படித்தேன். கூட ஒரு வார்த்தை இல்லாமல் அனுப்பினாயே, அதுதான் சுட்டது. குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 16ஆம் பிரிவில், 1989இலேயே சொல்லிவிட்டதாம். பிரான்சில் 2024இல் சட்டமே வந்துவிட்டது: பிள்ளையின் படத்தைப் பற்றி முடிவு செய்யும்போது அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதையும் கலந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, எடுத்த இடம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம் என்பது. பல தளங்கள் படத்தை ஏற்றும்போதே அதை எடுத்துவிடுகின்றன என்று படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் நீ முதல் நாள் பள்ளிக்குப் போன படத்தைத் திறந்தேன். உனக்குப் பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. கேக் படத்தில் உன் முழுப்பெயரும் வயதும், மேலே அன்றைய தேதி. அதையெல்லாம் எந்தத் தளம் எடுக்கும்?

நான் அழித்ததால் அழிந்துவிடாது என்பதும் தெரியும். இறக்கி வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். உன் வகுப்புக் குழுவில் சுற்றியது அப்படிப் போன ஒன்றுதான். எந்தப் படம் என்று சொன்னால் திரும்பத் தேடுவார்கள், சொல்லவில்லை.

ஆமாம், போன மாதம் நான் வாயைப் பிளந்து தூங்கியதை ஸ்டேட்டஸில் போட்டாயே, என்னைக் கேட்டாயா? சரி, விடு. கேட்கும் பழக்கத்தை உனக்கு யார் காட்டினார்கள்?

இந்தக் கடிதத்தை உன்னிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னாய், எடுத்துவிட்டேன். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி.

ஜுரப் படத்தை நீக்குவதற்கு முன் ஒரே ஒரு பிரதி அச்செடுத்தேன். அலமாரியில், உன் சான்றிதழ் கவருக்கு அடியில் இருக்கிறது. வேண்டாமென்றால் கிழித்துவிடு. நான் வீட்டில் இல்லாதபோது செய்.

அம்மா