பிரஷர் மட்டும் பாத்தா போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு,

மட்டக்களப்புப் பக்கம் வயோதிபர் இல்லங்கள்ல கிளினிக் வச்சா பிரஷரும் சீனியும் பாக்காங்க, நல்லம்தான், ஆனா சோத்தத் தொடாம சுவரப் பாத்துட்டே இருக்கிற கிழவிய "வயசு போனா அப்பிடித்தான்" எண்டு விட்டுர்றாங்க, எனக்கு அதுதான் கோவம். அது மனச்சோர்வாவும் இருக்கலாம். வயசானவங்களுக்கு மனச்சோர்வு இருக்கா எண்டு பாக்க ஜீடிஎஸ் எண்டு 15 கேள்வி இருக்கு, ஓம் இல்ல எண்டு சொன்னாப் போதும், 5 புள்ளி அல்லது அதுக்கு மேல வந்தா டொக்டர் வடிவா விசாரிக்கணும், அதை வச்சே நோய் எண்டு முடிவு கட்டேலா. மேட்ரன் பக்கத்துல நிண்டா "ஒரு குறையுமில்ல மகன்" எண்டுதான் வயசானவங்க சொல்லுவாங்க, தனியா வச்சுக் கேளுங்க. மறதி முத்தின ஆக்களுக்கு இது சரிவராது, அவங்கட மனச்சோர்வப் பாக்க கோர்னெல் ஸ்கேல் எண்டு ஒண்டு இருக்கு, பராமரிக்கிற ஆளிட்டயும் கேட்டுத்தான் புள்ளி போடுவாங்க. அடுத்த கிளினிக்கிலயாவது சுகாதாரப் பகுதி இதையும் சேக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு