லிங்கனுக்கு முன்பே நடந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிகளில் வரலாறு சொல்லித்தரும் விதம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் பிலடெல்பியா பக்கம் இருக்கிறோம், மகள் பதினொன்றாம் வகுப்பு. அமெரிக்காவில் நடந்த அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தை அவள் வகுப்பில் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். கேரிசன், டக்ளஸ், டப்மன் என்று அந்த இயக்கத்தின் தலைவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி, அப்புறம் நேராக 1863, லிங்கனின் பிரகடனம். நல்ல மனிதர் ஒருவர் கையெழுத்துப் போட்டார், அடிமைகள் விடுதலை ஆனார்கள் என்பதுதான் அவள் மனதில் நின்றது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இதே பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத்தவர் எழுத்தராக இருந்தார். 1850-ல் பெற்றோரைத் தேடிக்கொண்டு பீட்டர் என்பவர் அங்கே வருகிறார். பேசப் பேச, வந்திருப்பது தன் சொந்த அண்ணன் என்று ஸ்டிலுக்குப் புரிகிறது! தாய் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தபோது விட்டுவிட்டு வர நேர்ந்த பிள்ளை, ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து வந்து நிற்கிறான். தப்பி வந்தவருக்கு உதவினால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம் என்று சட்டம் வந்ததும் அதே வருடம்தான். அப்படியிருந்தும் ஸ்டில், வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய பெயர், புதுப் பெயர், ஊர், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி ஒளித்து வைத்தார், பிரிந்த குடும்பங்கள் என்றாவது ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் என்று. 1872-ல் அது புத்தகமாக வந்தது. அதில் இரண்டு பக்கத்தை வகுப்பில் உரக்க வாசித்தால் போதும், விடுதலை யாரோ தூக்கிக் கொடுத்தது இல்லை என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மனுக்கள். ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் வீடு வீடாகப் போய்க் அடிமை முறைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பினார்கள். மனுக்கள் குவியவும், 1836-ல் காங்கிரசின் ஒரு அவையான பிரதிநிதிகள் சபை அடிமை முறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்குவது என்று விதி போட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அதே சபையில் உறுப்பினராக இருந்து விடாமல் எதிர்த்தார், 1844-ல்தான் அந்த விதி நீங்கியது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை, இதை அவர்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

இயக்கத்துக்குள் இருந்த சண்டையையும் மறைக்க வேண்டாம். அரசியல் சட்டமே அடிமை முறைக்குத் துணைபோகிறது என்று கேரிசன் 1854-ல் அதன் பிரதியை மேடையிலேயே கொளுத்தினார். டக்ளஸோ அதற்கு முன்பே அவரிடமிருந்து பிரிந்து, அதே சட்டத்தை வைத்துப் போராடலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்திப் பேச விடுங்கள், ஒரு வகுப்பு நேரம் போதாது.

சரி, பள்ளி செய்யும் வரை காத்திருக்க முடியாது என்று நானும் மகளும் இரவில் ஸ்டிலின் குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறோம். 1849-ல் மரப்பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, அடிமை முறை இருந்த ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பார்சலாக வந்து சேர்ந்த ஹென்றி பிரவுனின் கதை நேற்று வந்தது. அந்தப் பெட்டியைத் திறந்தபோது ஸ்டிலும் கூட இருந்திருக்கிறார். "இது நம்ம ஊரில் நடந்ததாம்மா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தை அவளே புரட்டினாள்.

இப்படிக்கு,
ஒரு தாய், பிலடெல்பியா